மேற்கோளில் இருப்பவர்

பேர்கன், நோர்வே
10.09.2023

அன்புள்ள அண்ணிக்கு,

சுகமா? போன கிழமை தொலைபேசியில் இருமிக்கொண்டே கதைத்தீர்கள். கொத்தமல்லி அவித்துக் குடித்தீர்களா, அல்லது கந்தோருக்கு நேரமாகிறது என்று ஓடிவிட்டீர்களா? எனக்கு ஒரு குறையும் இல்லை. இந்த ஊர் மழைக்குத்தான் ஓய்வே கிடையாது.

கிழமைதோறும் தொலைபேசியில் கதைக்கிறவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பீர்கள். அண்ணாவின் பெயர் வந்தால் நாங்கள் இரண்டு பேரும் உடனே என்ன கறி என்ற கதைக்குப் போய்விடுகிறோம். அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதி மின்னஞ்சலில் அனுப்புகிறேன். நீங்களும் எழுதியே பதில் போடுங்கள்.

மாத்தளைப் பக்கத்துச் சந்தைகளில் தமிழும் சிங்களமும் எப்படிக் கலக்கின்றன என்பதுதான் என் ஆய்வு. முதல் அத்தியாயத்தை வாசித்த என் மேற்பார்வையாளர், இதைப் பற்றி முன்பு ஒருவரும் எழுதவில்லையா என்று கேட்டார். ஆங்கிலத்தில் இல்லை என்றேன். "ஆங்கிலத்தில் என்று நான் கேட்கவில்லையே" என்றார். எனக்கு முகம் சுட்டுப்போனது. அண்ணா எழுதிய கட்டுரை அந்த நேரம்தான் நினைவுக்கு வந்தது. அவர் யட்டவத்த சந்தையில் நின்று நின்று எழுதினாரே, அதுதான். அப்போது எனக்குப் பதினைந்து வயது, வாசிக்கவே இல்லை.

பிறமொழிக் கட்டுரையை மேற்கோள் காட்ட இங்கே ஒரு முறை இருக்கிறது. தலைப்பை ஒலிக்கிறபடி ஆங்கில எழுத்தில் எழுதி, பக்கத்தில் அதன் பொருளைக் கொடுக்க வேண்டும். பிறகு சஞ்சிகையின் பெயர், ஆண்டு, இதழ், பக்கம். மொழி தெரியாதவர்கூடத் தேடிப் போனால் கண்டுபிடிக்கக்கூடியதாக இருக்க வேண்டுமாம். இந்த விபரங்களைப் பார்த்து எழுதுவீர்களா? அவசரம் இல்லை. உடம்பைக் கவனியுங்கள்.

அன்புடன்
வாகினி


மாத்தளை
24.09.2023

அன்புள்ள வாகினிக்கு,

இருமல் போய்விட்டது. கொத்தமல்லி குடித்தேன், சத்தியமாக. நீர் குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போகிறீரா?

உம்முடைய கடிதத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டு அலுமாரியைத் திறந்தேன். 2008இல் கொழும்புக்குப் போகும் முன் உமது அண்ணா அடுக்கி வைத்தபடியே அவருடைய புத்தகத் தட்டு இருக்கிறது. தூசு தட்டுவேன், இடம் மாற்றுவதில்லை. சஞ்சிகை கிடைத்தது. ஆனால் அட்டையும் முதல் பக்கங்களும் இல்லை. கறையான் தின்றிருக்கிறது. கட்டுரை 31ஆம் பக்கத்தில் தொடங்கி 44இல் முடிகிறது. ஆண்டும் இதழும் தெரியவில்லை.

அப்போது எனக்கு அலுவிகாரையில் வாசனைச் சரக்குக் கடை வைத்திருக்கும் நூருன்னிஸாவின் நினைவு வந்தது. முன்பு அவருக்கு யட்டவத்த சந்தையில் கடை. உமது அண்ணா அங்கே மணிக்கணக்காக நின்று அவருடைய பேச்சை எழுதி எடுத்தவர். போய்க் கேட்டேன்.

"என்ட பேரு ஈக்கிற புத்தகத்த நான் வீசுவேனா மிஸ்? மகள்ட கலியாண அல்பத்தோட வெச்சீக்கேன்" என்றார். உள்ளே போய் எடுத்து வந்தார். அட்டை மடங்காமல் இருந்தது. 2006, இரண்டாவது இதழ். மூன்றாவது இதழ் வரவேயில்லை.

பக்கங்களை ஸ்கேன் செய்து இணைத்திருக்கிறேன். எங்கள் பிரதேச செயலகத்துக்குப் புதிதாக வந்த கணக்காளர் இந்திரகுமார்தான் செய்து தந்தார். இரத்தோட்டைக்காரர். எழுத்து மங்கிய இடங்களை மூன்று நான்கு தரம் எடுத்துப் பார்த்து, வாசிக்கக்கூடியதாக வந்த பிறகுதான் விட்டார்.

வேளைக்குச் சாப்பிடும்.

அண்ணி
சந்திரவதனா


பேர்கன்
15.10.2023

அன்புள்ள அண்ணிக்கு,

நலம் அறிய ஆவல். அங்கே மழை தொடங்கியிருக்குமே, கூரை ஒழுகுகிற இடத்தைப் பார்ப்பித்தீர்களா?

பக்கங்கள் கிடைத்தன. அண்ணா இவ்வளவு நன்றாக எழுதுவார் என்று எனக்குத் தெரியாது. என் அண்ணா என்பதால் சொல்லவில்லை.

ஒரு கூத்து நடந்தது. மேற்கோள்களை அடுக்கித் தரும் மென்பொருள் ஒன்று எங்களிடம் இருக்கிறது. அதற்குக் குடும்பப் பெயர் வேண்டும். "பவித்ரன் மகாலிங்கம்" என்று கொடுத்தேன். அடுத்த நிமிடம் என் அத்தியாயம் முழுவதும் "மகாலிங்கம் சொல்கிறார்", "மகாலிங்கம் மறுக்கிறார்" என்று மாறிவிட்டது! அரசாங்கக் கச்சேரியில் வேலை செய்து லீவுக் கடிதம் தவிர ஒன்றும் எழுதாத அப்பா, செத்து எட்டு வருடத்துக்குப் பிறகு மொழியியல் அறிஞராகிவிட்டார். தனியே இருந்து சிரித்தேன். எங்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை, கூட நிற்பது தகப்பன் பெயர், அண்ணாவின் பெயர் பவித்ரன் மட்டும்தான் என்று மேற்பார்வையாளருக்கு விளக்கினேன். "அப்படியென்றால் அவர் ஊரில் எப்படியோ அப்படியே எழுது" என்றார்.

மேற்கோளை ஆங்கிலத்தில் கொடுத்து, மூலத் தமிழை அடிக்குறிப்பில் போட்டு, மொழிபெயர்ப்பு என்னுடையது என்று எழுத வேண்டும். ஒரு பந்தியை இத்துடன் அனுப்புகிறேன். விலை சொல்லும்போது வியாபாரி வாங்குகிறவரின் மொழியில் சொல்கிறார், இனிக் குறைக்க முடியாது என்னும்போது தன் மொழிக்குத் திரும்பிவிடுகிறார் என்று அண்ணா எழுதிய இடம். நீங்கள் நாள் முழுக்க மொழிபெயர்க்கிறவர். பிழை இருந்தால் சொல்லுங்கள்.

அன்புடன்
வாகினி


மாத்தளை
05.11.2023

அன்புள்ள வாகினிக்கு,

கூரை பார்த்தாயிற்று. நான் நலம். உமக்கு வெயில் கண்ணில் பட்டதா?

மாமா அறிஞரான கதையை வாசித்துக் கந்தோரில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். என்ன விசயம் என்று இந்திரகுமார் கேட்டார். சொன்னேன். அவரும் சிரித்தார். அந்தக் கந்தோரில் நான் சிரித்து எத்தனை காலம் என்று பிறகுதான் நினைத்தேன்.

உமது மொழிபெயர்ப்பில் ஓர் இடம் சரியில்லை. நூருன்னிஸா சொல்வதை, "வேறு கடையில் பாருங்கள்" என்று ஆங்கிலத்தில் போட்டிருக்கிறீர். அவர் சொன்னது "வேற கடயில பாத்துட்டு வாங்க." நீர் விட்ட அந்த "வாங்க"வில்தான் வியாபாரமே இருக்கிறது. உமது அண்ணாவுக்கு அது தெரியும். ஒரு வெற்றிலைக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு, வாங்காமலும் விடாமலும் அரைநாள் நின்று கேட்டவர். வீட்டுக்கு வந்து எனக்கு நடித்துக் காட்டுவார். நூருன்னிஸா மாதிரி இடுப்பில் கைவைத்து நிற்பார்.

இன்னொன்று. உமது ஆங்கிலத்தில் "பவித்ரன் சொல்கிறார்", "பவித்ரன் காட்டுகிறார்" என்று இருக்கிறது. எழுதிப் பதினேழு வருடம் ஆகிறது. "சொன்னார்" என்றல்லவா வரவேண்டும்? இந்திரகுமாரிடம் காட்டினேன். அவர் திரும்பத் திரும்ப வாசித்துப் பார்த்தார். பிறகு, "இருக்கட்டுங்க மேடம், நல்லாத்தான் இருக்கு" என்றார்.

உடம்பு கவனம்.

அண்ணி
சந்திரவதனா


பேர்கன்
03.12.2023

அன்புள்ள அண்ணிக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே மூன்றரை மணிக்கே இருட்டிவிடுகிறது.

"வாங்க"வைத் திருத்திவிட்டேன். மேற்பார்வையாளர் அந்த அடிக்குறிப்பின் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டிருக்கிறார்.

"சொல்கிறார்" என்பது பிழை இல்லை அண்ணி. இங்கே அதுதான் முறை. எழுதினவர் முந்நூறு வருடத்துக்கு முன் இருந்தவரானாலும், நேற்று எழுதினவரானாலும், அவர் எழுத்தைப் பேசும்போது நிகழ்காலம்தான். அந்தப் பக்கங்களில் நான் வேலை செய்யும் நேரத்தில் அண்ணாவைப் பற்றி இருந்தாரா, இருக்கிறாரா என்று என்னிடம் ஒருவரும் கேட்பதில்லை. அதனாலேயே அந்த அத்தியாயத்தை முடிக்க மனமில்லாமல் வைத்திருக்கிறேன்.

ஒரு சந்தோசமான செய்தி. இங்குள்ள ஆய்விதழ் ஒன்று, அண்ணாவின் கட்டுரை முழுவதையும் என் மொழிபெயர்ப்பில் வெளியிட விரும்புகிறது. அதற்கு அனுமதிக் கடிதம் வேண்டும். ஆசிரியர் கையெழுத்திட வேண்டும். அல்லது, மறைந்த ஆசிரியரின் உரிமையாளர் என்று ஒருவர் இறப்புச் சான்றிதழின் பிரதியோடு கையெழுத்திட வேண்டும். கொழும்புக்குப் போன அண்ணா திரும்பவில்லை, பதினைந்து வருடமாகத் தேடுகிறோம் என்று எழுதினேன். மிகவும் வருந்துவதாகவும், இரண்டில் எது என்று அறியத் தரும்படியும் பதில் வந்தது.

அண்ணி, நீங்கள் இரண்டாவது இடத்தில் கையெழுத்திட முடியுமா? இது வெறும் காகிதத்துக்குத்தான். எங்கள் மனதுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அண்ணாவின் பெயர் உலகம் முழுக்கப் போகும்.

அன்புடன்
வாகினி


பேர்கன்
04.02.2024

அன்புள்ள அண்ணிக்கு,

சுகமா? பொங்கலுக்குத் தொலைபேசி எடுத்தபோது வாழ்த்துச் சொன்னீர்கள், பால் பொங்கியதைச் சொன்னீர்கள், வைத்துவிட்டீர்கள். கடிதத்தைப் பற்றி நானும் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை.

கோபமா? ஒரு வரி எழுதுங்கள். இல்லை என்றாலும் இல்லை என்றே எழுதுங்கள்.

வாகினி


மாத்தளை
10.03.2024

அன்புள்ள வாகினிக்கு,

கோபம் இல்லை. அம்மன் கோயில் தேர் முடிந்து ஊர் அடங்கியிருக்கிறது. வெயில் கடுமை. மற்றபடி சுகம். நீர் எப்படி?

எழுதத் தொடங்கித் தொடங்கி விட்டுவிட்டேன். வெறும் காகிதம் என்று எழுதியிருந்தீர். என்னுடைய சீவனமே காகிதம்தான். கொழும்பிலிருந்து சிங்களத்தில் வருகிற கடிதங்களைத் தமிழாக்கி ஆட்களுக்குக் கொடுக்கிறேன். ஒருநாள் என் பெயருக்கே ஒன்று வந்தது. இறப்புச் சான்றிதழ் பெற்றுக்கொள்ள விண்ணப்பிக்கலாம் என்று. மற்ற எல்லாக் கடிதத்தையும் போல அதையும் தமிழாக்கினேன். கீழே என் கையெழுத்தை வைத்தேன். பிறகுதான் மேலே என் பெயரைப் பார்த்தேன்.

நான் அதை எடுக்கவில்லை. காணாமற்போனமைக்கான சான்றிதழ் என்று ஒன்று கொடுக்கிறார்கள், அதைத்தான் எடுத்தேன். அதில் இறந்தார் என்று இல்லை, இருக்கிறார் என்றும் இல்லை. காணவில்லை என்று மட்டும்தான். அது உண்மை. உண்மைக்குக் கீழே கையெழுத்து வைக்க எனக்குப் பயம் இல்லை.

நீர் கேட்ட இடத்தில் வைக்க மாட்டேன். அவருடைய கட்டுரை வெளிவர வேண்டும் என்று உம்மைவிட எனக்கு ஆசை. ஆனால் அதற்காக அவரைக் கொன்று கொடுக்க முடியாது.

உமது அண்ணாவின் மற்றக் குறிப்புகளையும் அனுப்ப இருந்தேன், அது சுணங்கும். ஸ்கேன் செய்து தரக் கந்தோரில் இப்போது ஆள் இல்லை.

நேரத்துக்கு நித்திரை கொள்ளும்.

அண்ணி
சந்திரவதனா


பேர்கன்
17.03.2024

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வாசித்தேன். மன்னித்துக்கொள்ளுங்கள். வெறும் காகிதம் என்று நான் எழுதியிருக்கக் கூடாது. ஆய்விதழுக்கு முடியாது என்று எழுதிவிடுகிறேன்.

ஆனால் ஒன்று கேட்க வேண்டும். முதல் கடிதங்களில் எல்லாம் இந்திரகுமார் வந்தார். இதில் வரவில்லை. "ஆள் இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் ஏதும் முறைகேடாக நடந்தாரா? நீங்கள் அங்கே தனியே இருக்கிறீர்கள். என்னிடம் மறைக்க வேண்டாம்.

அன்புடன்
வாகினி


மாத்தளை
21.04.2024

அன்புள்ள வாகினிக்கு,

நான் நலம். பெருநாளுக்கு நூருன்னிஸா வட்டிலப்பம் அனுப்பினார். தனியே சாப்பிட்டு முடிக்க மூன்று நாள் எடுத்தது.

இந்திரகுமார் ஒரு முறைகேடும் செய்யவில்லை. அந்த மனிதரைப் பற்றி அப்படி ஓர் எண்ணம் உமக்கு வரக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

தை மாதம், ஒரு மழை நாள். வேலை முடிந்து யட்டவத்த பஸ் தரிப்பிடத்தில் நின்றேன். அவர் குடையோடு வந்து பக்கத்தில் நின்றார்.

"மேடம், ஒண்ணு கேக்கலாங்களா?"

"கேளுங்கோ."

"எங்க வீட்டுக்காரி தவறி ஆறு வருசமாச்சு. நான் தனியாத்தான் இருக்கேன். நீங்களும் தனியா இருக்கீங்க."

"நான் தனிய இல்லை" என்றேன். கடுமையாகத்தான் சொன்னேன்.

"தெரியுங்க. அந்தப் பக்கத்தையெல்லாம் நான்தானே எடுத்தேன். உங்க சாரப் பத்தித் தெரியாமக் கேக்கல." அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "பதில் வேணாங்க மேடம். கேட்டேன்னு உங்களுக்குத் தெரிஞ்சாப் போதும்."

பஸ் வந்தது. ஏறினேன். அடுத்த மாதம் அவர் தானாகக் கேட்டுத் தம்புள்ளைக்கு மாற்றலாகிப் போய்விட்டார். என் முன்னால் வந்து நிற்கக் கூடாது என்றுதான். இப்போது அவர் மேசையில் ஒரு சிங்களப் பிள்ளை இருக்கிறாள். நல்ல பிள்ளை. நான் தேநீர் எடுக்கப் போகும்போது அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

வாகினி, உமது அண்ணாவை எதிர்பார்ப்பதை நான் விடவில்லை. வாசல் படலைச் சத்தம் கேட்டால் இன்னும் எழும்புகிறேன். ஆனால் வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒரு குடை வருகிறதா என்றும் பார்க்கிறேன். ஒரே மனதில் இரண்டும் இருக்கிறது. எது பொய் என்று தேடிப் பார்த்தேன். இரண்டும் பொய் இல்லை. இதை அவருடைய தங்கைக்கு எழுத வெட்கமாக இருக்கிறது. வேறு யாருக்கு எழுதுவது?

இதற்குப் பதில் எழுத மனம் இல்லாவிட்டால் எழுத வேண்டாம். சுகமாக இரும்.

சந்திரவதனா


பேர்கன்
02.06.2024

அன்புள்ள அண்ணிக்கு,

ஆறு கிழமை உங்களைக் காக்க வைத்துவிட்டேன். உங்கள் மேல் கோபம் இல்லை என்று எழுதினால் பொய். கோபம் வந்தது. கணினியைத் திறந்தால் "பவித்ரன் சொல்கிறார்." தொலைபேசியைத் திறந்தால் உங்கள் கடிதம். இரண்டையும் மூடிவிட்டு மழையில் நடப்பேன்.

நடக்கும்போது ஒன்று விளங்கியது. அண்ணா போன பிறகுதான் நான் பல்கலைக்கழகம் போனேன். இந்த நாட்டுக்கு வந்தேன். சிநேகிதர்களைச் சேர்த்தேன், சுற்றுலா போனேன், பனியில் சறுக்கி விழுந்து சிரித்தேன். அண்ணா வரட்டும் என்று நான் எதையும் நிறுத்தி வைக்கவில்லை. நிறுத்தி வைக்கச் சொல்லி என்னிடம் ஒருவரும் கேட்கவும் இல்லை. உங்களிடம் மட்டும் நாங்கள் எல்லோரும் கேட்டோம். வாய்திறந்து கேட்கவில்லை, ஆனால் கேட்டோம். ஒவ்வொரு கிழமையும் தொலைபேசி எடுத்து நீங்கள் அந்த வீட்டிலேயே இருக்கிறீர்களா என்று நான் பார்த்துக்கொண்டேன்.

ஆய்விதழுக்கு முடியாது என்று எழுதப் போனவள் வேறு மாதிரி எழுதினேன். அவர்களிடம் இருக்கிற இரண்டு இடமும் எங்கள் ஆளுக்குப் பொருந்தாது, மூன்றாவது ஓர் இடம் வேண்டும் என்று. முதலில் மறுத்தார்கள். மேற்பார்வையாளரும் எழுதினார். கடைசியில் ஒரு குறிப்போடு வெளியிடச் சம்மதித்தார்கள்: "இக்கட்டுரையின் ஆசிரியர் 2008 முதல் காணாமற்போயுள்ளார். அவருடைய மனைவியின் இசைவுடன் இது வெளியாகிறது."

அதில் உங்கள் பெயர் வர வேண்டும். எப்படி எழுத? பாஸ்போட்டில் இருக்கிற மாதிரி சந்திரவதனா பவித்ரன் என்றா? நீங்கள் எப்படிச் சொல்கிறீர்களோ அப்படி. மனைவி என்ற சொல்லை எடுக்கச் சொன்னாலும் எடுப்பேன். உண்மையாகத்தான் கேட்கிறேன்.

அன்புடன், எப்போதும் உங்கள்
வாகினி


மாத்தளை
14.07.2024

அன்புள்ள வாகினிக்கு,

நீர் சுகமாக இருக்க வேண்டும். உம்முடைய கடிதத்தைக் கந்தோரில் வாசித்துவிட்டுக் கழுவுமிடத்தில் போய் நின்று அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து வேலையைச் செய்தேன்.

மனைவி என்ற சொல் இருக்கட்டும். அது உண்மை. பெயரைச் சந்திரவதனா என்று மட்டும் எழுதும். அதுவும் உண்மை.

அடுத்த நாள் அரைநாள் லீவு போட்டுத் தம்புள்ளைக்கு பஸ் ஏறினேன். போகிற வழி முழுக்கத் திரும்பிவிடலாம் என்றுதான் இருந்தது. அவருடைய கந்தோர் வாசலில் நின்று ஆளனுப்பினேன். இந்திரகுமார் ஓடி வந்தார்.

"மேடம்? யாருக்கு என்னாச்சுங்க?"

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை. பதில் சொல்ல வந்தனான்."

"வேணாம்னு சொன்னேனே."

"சொன்னீங்கள். நான் சொல்லோணும்." பஸ்ஸில் பாடமாக்கிக்கொண்டு போனது எல்லாம் மறந்துவிட்டது. "மரணச் சான்றிதழ் நான் எடுக்க மாட்டன். அப்ப, பதிஞ்சு கலியாணம் எண்டு ஒண்டு நடக்காது. அவர் வந்தால் அந்த வீட்டில அவருக்கு இடம் இருக்கு. அது மாறாது. ஆனா நீங்கள் தம்புள்ளைக்கு வந்தது எனக்குக் கஷ்டமா இருக்கு. மாத்தளைக்குத் திரும்பி வந்தா நல்லா இருக்கும். இவ்வளவுதான்."

அவர் சட்டைப் பையிலிருந்த பேனையை எடுத்தார், திரும்ப வைத்தார். "இதுக்கு நான் என்ன சொல்லணுங்க?" என்று கேட்டார்.

"ஒண்டும் சொல்ல வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட வாங்கோ. நூருன்னிஸாவும் வருவா."

வந்தார். ஒரு பை நிறையப் பெரிய வெங்காயமும் கொண்டு வந்தார், பெண் பார்க்க வருகிறவர் மாதிரி உடுத்துக்கொண்டு. அலுமாரியின் முன்னால் நின்று உமது அண்ணாவின் தட்டைப் பார்த்தார். தொடவில்லை. மாத்தளைக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறாராம், ஆண்டு முடிவில் கிடைக்கும் என்றார். அதற்கு மேல் நாங்கள் ஒன்றும் பேசி முடிவு செய்யவில்லை. ஊர் என்ன சொல்லும் என்று தெரியும். அதையும் யோசித்துத்தான் தம்புள்ளைக்குப் போனேன்.

சாப்பிட இருந்தபோதுதான் பார்த்தேன், சோறு போதாது. பழகின கை, ஓராளுக்கு அளக்கிற பேணியால் அளந்து போட்டிருக்கிறது. நூருன்னிஸா சட்டிக்குள் எட்டிப் பார்த்து, "என்ன மிஸ் இது, குருவிக்கா ஆக்கினீங்க?" என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. திரும்ப அரிசி களைந்து அடுப்பில் வைத்தேன். கறி எல்லாம் ஆறிக்கொண்டிருந்தது. இந்திரகுமார் வெங்காயம் உரிக்கத் தொடங்கினார். சோறு வேகும்வரை மூன்று பேரும் குசினியிலேயே நின்றோம்.

கட்டுரை வந்ததும் இரண்டு பிரதி அனுப்பும். ஒன்று நூருன்னிஸாவுக்கு. குளிருக்குக் கவனம்.

உமது அண்ணி
சந்திரவதனா